61-வது பெயர்

"ஆகஸ்ட் ஒண்ணு கழிச்சு வாங்கம்மா, டி.சி. தர்றேன்." ஜூலை கடைசி வாரத்தில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் அம்மாவிடம், அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியராக நான் சொன்னது. இன்னும் உறுத்துகிறது.

அன்று ஒன்று முதல் ஐந்து வரை பதிவேட்டில் 61 பேர். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. பணியாளர் நிர்ணயத்துக்கு ஆகஸ்ட் 1 அன்று உள்ள எண்ணிக்கைதான் கணக்கு. அதற்குள் எமிஸ் என்ற மாணவர் பதிவுத் தளத்தில் அவள் பெயரை, பள்ளி மாறும் பிள்ளைகளுக்கான பொதுத் தொகுப்புக்குத் தள்ளினால் ஒரு பணியிடம் உபரி. உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றும் பணிநிரவலில் இடைநிலை ஆசிரியர் ஒருவர் போய்விடுவார்.

ஐந்து வகுப்பை இருவர் பார்த்தால் முதல் மூன்று வகுப்பும் ஒரே அறையில் உட்காரும். ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கும் நேரத்தில், மூன்றாம் வகுப்பு தானாகக் கழித்தல் போடும். 52-லிருந்து 27 போனால் 35 என்று எழுதும். கடன் வாங்காமல், பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து குச்சிக்கட்டைப் பிரித்துக் காட்ட ஆள் இருக்காது. அந்தப் பிழை நான்காம் வகுப்பில் வகுத்தலையும் கெடுக்கும். ஆறாம் வகுப்புக்குள் "அந்த ஸ்கூல்ல கணக்கே வராது" என்று ஊர் பேசும். இன்னும் நான்கு பேர் டி.சி. கேட்டு வருவார்கள்.

அப்படிப் பார்த்தால் மீதி 60 பிள்ளைகளுக்காகத்தான் அந்த அவகாசம் கேட்டேன். ஆனால் பெற்றோர் கேட்ட டி.சி.யைப் பிடித்து வைக்க எனக்கு உரிமை கிடையாது. கட்டண பாக்கிக்காகத் தனியார் பள்ளி அதைச் செய்தால் நாமே கண்டிப்போம்.

அந்த அம்மா சொன்ன காரணத்தில் குறை சொல்லவும் ஒன்றுமில்லை. தம்பியைத் தனியாரில் எல்.கே.ஜி. சேர்த்தாயிற்று, இரண்டு பேரும் ஒரே வேனில் போகட்டும் என்றார். எங்களைப் போன்ற நடுநிலைப் பள்ளிகளில் பிள்ளைகள் கசிந்து போவது எல்.கே.ஜி.யில்தான் தொடங்குகிறது. 2019-இல் 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்பு வந்தது. எங்கள் வளாகத்துக்கு வரவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவத்தில் 7.5 சதவீத ஒதுக்கீடு, கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் என்று எடுத்துச் சொன்னேன். "அது காலேஜுக்குப் போறப்ப சார். வேன் நாளைக்கே வருது."

"அப்ப ஆறாம் வகுப்புக்காவது கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி அன்றே கையெழுத்துப் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் ஒன்றாம் வகுப்பின் கதி என்ன என்று உடனே மனம் கேட்கிறது.

பேச்சு நடக்கும்போது அவள் வராந்தா சுவரில் எழுதியிருந்த காலை உணவுப் பட்டியலை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். "செவ்வாய், கிச்சடி. புதன், பொங்கல்." தடுமாறவில்லை.

ஆகஸ்ட் 2 அன்று அம்மா வந்தார். விலகும் காரணம்: பெற்றோர் விருப்பம். டி.சி. கோரி விண்ணப்பித்த நாள் என்ற இடத்திலும் ஆகஸ்ட் 2 என்றே எழுதினேன்.