ஒரு முறை இறக்கி 11 கணினிக்கும் கொடுத்த கதை

மன்னார்குடிப் பக்கம் ஒரு சின்னப் பயிற்சி மையத்தில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித் தருகிறேன். மொத்தம் 11 கணினி, எல்லாவற்றிலும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம். நெட்டுக்கு சிம் போட்ட ஒரு ரவுட்டர், அவ்வளவுதான். போன ஐப்பசியில் அடைமழைக்கு டவரே திணறிக்கொண்டிருந்த வாரத்தில் அப்டேட் போட உட்கார்ந்தேன், நாலாவது கணினியிலேயே அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது. ஒவ்வொன்றும் அதே லிப்ரே ஆபிஸை, அதே ஃபயர்பாக்ஸைத் தனித்தனியாக இறக்கிக்கொண்டிருந்தது. டெபியனில் மென்பொருளை இறக்கி நிறுவும் கருவி ஆப்ட். இறக்கிய மென்பொருள் பொதியை அது தன் வட்டில் வைத்துக்கொண்டாலும், பக்கத்து மேசைக் கணினிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஓரமாகக் கிடந்த ஒரு பழைய கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி நிறுவினேன். ஆப்ட் கேட்கும் பொதிகளை நடுவில் நின்று இறக்கி, சேமித்து வைத்து (இந்தச் சேமிப்புதான் கேச்) மற்ற கணினிகளுக்கும் கொடுக்கும் கருவி அது. மற்ற 11 கணினியிலும் ஆப்ட் அமைப்பில் ஒரே ஒரு வரி: ப்ராக்ஸியாக, அதாவது நெட்டுக்குப் போகும் இடைவழியாக, அந்தக் கணினியின் ஐபி முகவரி, போர்ட் 3142. முதலில் கேட்கிற கணினிக்கு நெட்டிலிருந்து வரும், மற்றதெல்லாம் அறைக்குள் ஓடும் கேபிளிலேயே வந்துவிடும்.

பழைய பதிப்பையே திரும்பத் திரும்பக் கொடுத்துவிடுமோ என்று பயந்தேன். பொதிக் கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கிறது, புதுப் பதிப்பு வந்தால் பெயரே வேறு, அதனால் சேமித்ததை எத்தனை நாள் கழித்துக் கொடுத்தாலும் தப்பில்லை. மாறுவது பொதிப் பட்டியல்தான், அதை மட்டும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி டெபியன் சர்வரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளும். பட்டியலுக்கு டெபியனின் டிஜிட்டல் கையொப்பம் உண்டு, ஆப்ட் அதைச் சோதிக்கும். அதனால் நடுவில் ஒரு கணினி நிற்கிறதே என்ற கவலையும் தீர்ந்தது.

சிக்கல் வந்தது இரண்டு இடத்தில். ஒரு எடிட்டருக்காகச் சேர்த்திருந்த வெளி ரெப்போ (பொதிகள் வைத்திருக்கும் தளம்) எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பில் இருந்தது, 403 என்ற அனுமதி மறுப்புப் பிழையோடு நின்றுவிட்டது. இந்தக் கருவி எச்டிடிபிஎஸ் இணைப்பை, நாம் அமைப்பில் அனுமதித்தால் ஒழிய, விடுவதில்லை. அந்த அமைப்பில், சேமிக்காமல் அப்படியே கடக்க விடும் பாஸ்-த்ரூ வரியில் அந்த முகவரியைச் சேர்த்ததும் வேலை செய்தது, ஆனால் அப்படிப் போவது கேச்சில் சேராது. இரண்டாவது இன்னும் எரிச்சல். கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் பழைய கணினிக்கு வேறு ஐபி கொடுத்துவிட்டது, 11 கணினியும் அப்டேட் எடுக்காமல் நிற்க, காரணம் புரிய அரை நாள் ஆனது. தயவுசெய்து முதலிலேயே ரவுட்டரில் அந்த ஐபியை நிலையாக ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது மீதி இருப்பது பைத்தான் பொதிகள். பைத்தான் பொதிகளை நிறுவும் பிப் என்ற கருவி வைக்கும் கேச் அந்தந்தப் பயனருக்கு மட்டும்தான். அதனால் பிப் டவுன்லோட் என்ற கட்டளையில் ஒரு முறை எடுத்து, பொதுவான ஃபோல்டரில் போட்டு, பிள்ளைகளை அங்கிருந்தே நிறுவச் சொல்கிறேன்.