56 ஆம் எண் சட்டைக்காரர்: சாலமன் எலிமிமியன்

கனடியன் ஃபுட்பால், அதாவது அமெரிக்க ஃபுட்பாலைப் போலப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் ஆடும் ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கிய புதிதில் என் கண் பந்தின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. தாக்கும் அணியை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் பந்தை வாங்குகிறார், வீசுகிறார், ஒருவர் பிடிக்கிறார், வேறொருவர் வந்து அவரைத் தரையில் வீழ்த்துகிறார். அந்த வேறொருவரின் பெயர் மனத்தில் தங்குவதில்லை. வான்கூவரின் பி.சி. லயன்ஸ் அணி ஆடும்போது மட்டும், வீழ்த்தியவர் எழுந்து நிற்கையில் முதுகில் தெரியும் எண் பெரும்பாலும் 56 ஆகவே இருப்பதைச் சில ஆட்டங்களுக்குப் பிறகு கவனித்தேன். அன்றிலிருந்து பந்தை விட்டுவிட்டு அவரைப் பார்க்கப் பழகினேன். தடுப்பாட்டம் என்றால் என்னவென்று எனக்குப் புரியவைத்தவர் அந்த சாலமன் எலிமிமியன்தான்.

அவர் லைன்பேக்கர். முன்வரிசையில் மோதும் பெரிய உடல்காரர்களுக்குப் பின்னால், ஆடுகளத்தின் நடுவில் நிற்பவர். அமெரிக்க ஆட்டத்திலும் இந்த இடம் உண்டு என்றாலும், கனடாவில் இதன் சுமை வேறு. இங்கே ஆடுகளத்தின் அகலம் 65 யார்டு. அமெரிக்காவில் 53 யார்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேர். பந்து ஆட்டத்துக்கு வருமுன்பே, பந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் தடுப்பாட்டக்காரர்களை நோக்கி ஓடத் தொடங்கிவிடலாம். பத்து யார்டு முன்னேற மூன்று வாய்ப்புகளே உள்ளதால், எதிரணி பந்தை அடிக்கடி வீசியே ஆக வேண்டியிருக்கிறது. ஆகவே நடுவில் நிற்பவர் உடல் பலத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது. பந்து எந்தப் பக்கம் போகும் என்பதை எதிரணியின் கால் அசைவிலிருந்தே படித்து, மற்றவர்கள் அடியெடுத்து வைப்பதற்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். ஏறக்குறைய ஆறடி உயரமே உள்ள எலிமிமியனைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது என்னை வியக்கவைத்தது அந்த முதல் அடிதான். அது தவறான பக்கம் விழுந்ததை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

லாஸ் ஏஞ்சல்ஸில் வளர்ந்து, ஹவாய் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர் அவர். 2007 ஆம் ஆண்டின் வழக்கமான பருவத்தில் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காத ஹவாய் அணியில் அவரும் இருந்தார். ஆனாலும் 2009 இல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது அவர் பெயர் அழைக்கப்படவில்லை. 2010 இல் பி.சி. லயன்ஸுக்கு வந்தார், வந்த ஆண்டிலேயே கனடிய லீக்கின் சிறந்த புதுமுக வீரர் விருதைப் பெற்றார். அடுத்த ஆண்டு லயன்ஸ் முதல் ஐந்து ஆட்டங்களையும் தோற்று, பிறகு மீண்டெழுந்து, சொந்த அரங்கமான பி.சி. பிளேஸில் வினிபெக்கை 34–23 என்று வென்று லீக்கின் சாம்பியன் பட்டமான கிரே கோப்பையைக் கைப்பற்றியது. அந்த ஆண்டுதான் ஆடம் பிக்ஹில் அணியில் சேர்ந்தார். பின்னர் இருவரும் அருகருகே நின்று ஆடிய பருவங்களைப் போன்ற லைன்பேக்கர் இணையை நான் பார்த்ததில்லை.

2014 பற்றித்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு பருவத்தில் மிக அதிகமாக எதிராளிகளை வீழ்த்தியவர் என்ற பெருமை அதுவரை எட்மன்டனின் ஜே.சி. ஷெரிட்டிடம் இருந்தது; 2012 இல் அவர் 130 டேக்கிள்கள், அதாவது வீழ்த்தல்கள், செய்திருந்தார். எலிமிமியன் அதை 143 ஆக்கினார். பதினெட்டு ஆட்டங்களுக்குப் பங்கிட்டால் ஆட்டத்துக்கு ஏறக்குறைய எட்டு. அந்த ஆண்டின் சிறந்த தடுப்பாட்ட வீரர் விருது அவருக்குக் கிடைத்ததில் யாருக்கும் வியப்பில்லை. ஆனால் லீக்கின் மிகச் சிறந்த வீரர் என்ற தலையாய விருதும் அவருக்கே வந்தது. 1953 முதல் வழங்கப்பட்டுவரும் அந்த விருதை, தடுப்பாட்டம் மட்டுமே ஆடும் ஒருவர் பெற்றது அதுவே முதல் முறை.

டேக்கிள் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒருவரை அளக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது நியாயமான கேள்விதான். தடுப்பாட்டம் களத்தில் நீண்ட நேரம் நிற்கும் அணியில் அந்த எண்ணிக்கை தானாகவே ஏறும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பருவத்தில் லயன்ஸ் ஒன்பது வெற்றி, ஒன்பது தோல்வியோடு நின்று, பருவ முடிவில் நடக்கும் வெளியேற்றச் சுற்றான பிளேஆஃபின் முதல் ஆட்டத்திலேயே மான்ட்ரியாலிடம் 50–17 என்று நொறுங்கியது. இருந்தும் அந்த விருது சரியானவரிடமே போய்ச் சேர்ந்தது என்று உறுதியாக நம்புகிறேன். எட்டு யார்டு தர வேண்டிய ஓட்டத்தை இரண்டு யார்டில் நிறுத்துவது கோல் அடிப்பதைப் போலக் கண்ணில் படாது. ஆனால் மூன்றே வாய்ப்புகள் உள்ள ஆட்டத்தில் அந்த ஆறு யார்டு எதிரணியிடமிருந்து பந்தையே பறித்துவிடும். அந்த வேலையை ஒரு பருவம் முழுவதும் தளராமல் செய்தவர் அவர்.

மறு ஆண்டே உடல் கணக்கைக் கேட்டது. 2015 பருவத்தின் நடுவில் குதிகால் தசைநாண் அறுந்தது. வேகத்தையே முதலாகக் கொண்ட ஆட்டக்காரருக்கு அதைவிடக் கொடிய காயம் எனக்குத் தெரியவில்லை. 2016 இல் திரும்பி வந்து மீண்டும் சிறந்த தடுப்பாட்ட வீரர் விருதைப் பெற்றபோது, அவரைக் களத்தில் மறுபடி பார்த்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது. 2017 இல் பிக்ஹில் அணியில் இல்லை, லயன்ஸ் பிளேஆஃபுக்கே தகுதிபெறவில்லை. அந்த மோசமான பருவத்தில்தான் எலிமிமியன் 144 டேக்கிள்கள் செய்து தன் சாதனையைத் தானே ஒன்றால் முறியடித்தார். அம்முறை சிறந்த தடுப்பாட்ட வீரர் விருது கால்கரியின் அலெக்ஸ் சிங்கிள்டனுக்குப் போயிற்று. 2018 இல் மணிக்கட்டுக் காயம். 2019 இல் சஸ்காட்செவன் ரஃப்ரைடர்ஸ் அணிக்காக ஆடிய பருவமே அவருடைய கடைசிப் பருவம்.

2020 இல் அவர் வீரர்கள் சங்கத்தின் தலைவரானார். அந்த ஆண்டு கொரோனா தொற்றால் பருவம் முழுவதுமே ரத்தாகி, வீரர்கள் ஆட்டமும் வருமானமும் இன்றி நின்றார்கள். 2022 மே மாதம் ஒப்பந்தப் பேச்சு முறிந்தபோது, 1974க்குப் பிறகு முதல் முறையாகக் கனடிய லீக் வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆல்பர்ட்டா மாகாணச் சட்டத்தின் காரணமாக எட்மன்டன், கால்கரி வீரர்கள் உடனே சேர முடியாததால், ஏழு அணிகளின் வீரர்களே பயிற்சி முகாமுக்கு வெளியே நின்றார்கள். நான்கு நாளில் ஓர் உடன்பாடு வந்தது. சங்கம் எட்டிய அந்த உடன்பாட்டை வீரர்களே வாக்களித்து நிராகரித்தார்கள். தலைமைக்கு அதைவிடக் கடினமான நாள் வேறில்லை. மறுபடி பேசி, திருத்திக் கொண்டுவந்த ஒப்பந்தத்தை அதே வாரத்தில் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு, 2023 இல், அவர் பெயர் கனடியன் ஃபுட்பால் புகழரங்கில் சேர்க்கப்பட்டது.

பழைய ஆட்டப் பதிவுகளை இன்றும் எடுத்துப் பார்க்கிறேன். பந்து ஆட்டத்துக்கு வருமுன், நடுவில் முழங்காலைச் சற்றே மடித்து, கையை நீட்டிப் பக்கத்தில் நிற்பவர்களை இடம் மாற்றி நிறுத்துகிறார். அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, ஓட்டம் எந்தப் பக்கம் போகும் என்று நானும் ஊகித்துப் பார்ப்பேன். பல முறை தவறிவிடுகிறேன். மறுபடி ஓடவிட்டால், 56 ஏற்கெனவே அந்தப் பக்கம் கிளம்பியிருக்கிறார்.