வளர்த்தவரின் ஊர்

பாப்பாவுக்காகப் பெருமாளிடம் என்ன கேட்பது என்பதில் எனக்கு ரொம்ப நாள் குழப்பம். ‘இவள் எங்களோடவே இருக்கணும்’ என்று கேட்டால், சிகிச்சையில் இருக்கும் அவளைப் பெற்றவள் தேறாமல் போகட்டும் என்று கேட்டதாக ஆகிவிடும். ‘அந்தப் பெண் சீக்கிரம் குணமாகட்டும்’ என்று கேட்கப் போனால் அடிவயிறு பிசையும். குணமானால் பாப்பா போய்விடுவாளே. கையைக் கூப்பி, கண்ணை மூடி நின்றுவிட்டு, ஒன்றுமே கேட்காமல் வீடு திரும்பிய நாட்கள் உண்டு.

எங்களுடையது தத்து இல்லை. வளர்ப்புப் பராமரிப்பு என்று அரசாங்கத்தில் சொல்வார்கள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 44-ஆவது பிரிவு அதற்கானது. பெற்றவர்களால் இப்போதைக்குப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளையை, விடுதியில் விடாமல் ஒரு குடும்பத்தில் வைத்து வளர்க்கச் சொல்லி மாவட்டக் குழந்தைகள் நலக் குழு உத்தரவு போடும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் பிள்ளையின் செலவுக்கு உண்டு. சொந்த வீடு சரியானதும் பிள்ளை அங்கே திரும்புவதுதான் ஏற்பாடு. பாப்பாவுக்கு அப்பா இல்லை. அம்மாவுக்குக் காசநோய், அதிலும் வழக்கமான மருந்துக்கு மசியாத வகை. பாப்பாவின் பெயரை நான் இங்கே எழுதக் கூடாது, அதே சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடுக்கிறது. அதனால் பாப்பா என்றே இருக்கட்டும். எங்கள் மதுரையில் பத்து வயதானாலும் பாப்பாதான்.

வந்த முதல் வாரமே ‘பெரியம்மா’ என்று கூப்பிடச் சொல்லிவிட்டேன். அம்மா என்கிற இடம் காலியாக இல்லை. என் மகன் வேலைக்குப் போய் வெளியூரில் இருக்கிறான், அவன்கூடப் போனில் “என்னைத்தான் அம்மான்னு கூப்பிட விட்டீங்க, இவளுக்கு மட்டும் பெரியம்மாவா?” என்று கிண்டலடித்தான்.

பிள்ளை வந்தபின் என் பூஜை சுருங்கிப் போனது. முன்பெல்லாம் காலையில் கோலம், விளக்கு, துளசிக்குத் தண்ணீர், பாராயணம் என்று நிதானமாக நடக்கும். இப்போது விளக்கேற்றி முடிப்பதற்குள் ஒரு சாக்ஸைக் காணவில்லை என்று குரல் வரும். பாராயணத்தின் நடுவே “டிபன் பாக்ஸ் மூடி எங்க இருக்கு பாரு” என்று நானே கத்துவேன். பெருமாள் அதையும் சேர்த்துத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். ஒன்றே ஒன்று மட்டும் தவறுவதில்லை. சாயங்காலம் விளக்கு வைத்ததும் பாப்பாவை உட்காரவைத்து நெற்றியில் இட்டுவிடுவேன். வெள்ளிக்கிழமையானால் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவேன். வந்த புதிதில் ராத்திரி கரண்ட் போனால் அலறிக்கொண்டு எழுந்திருப்பாள். அந்த ராத்திரிகளில் அவள் முதுகைத் தடவிக்கொண்டே வாய்க்கு வந்த நாமத்தைச் சொல்லிக்கொண்டிருப்பேன். அவளுக்காகச் சொன்னேனா, என் பயத்துக்குச் சொன்னேனா, தெரியாது.

அக்கம்பக்கத்தில் யோசனை சொல்லப் பஞ்சமில்லை. “சமயபுரத்தில தவிட்டுக்குக் கொடுத்து வாங்கிடு, அப்புறம் அது உன் பிள்ளைதான்” என்றார் ஓர் அம்மா. அந்த வேண்டுதல், நோய் நொடியில் பிள்ளை தங்காதோ என்று பயப்படும் பெற்றோர், பிள்ளையைச் சாமிக்கே கொடுத்துவிட்டுத் தவிட்டை விலையாக வைத்துத் திரும்ப வாங்கிக்கொள்வது. கொடுக்கும் உரிமை உள்ளவர்கள் செய்வது. என்னிடம் இருப்பது ஓர் உத்தரவுக் காகிதம். அதை வைத்துக்கொண்டு நான் யாரை யாருக்குக் கொடுப்பது?

பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கூடலழகர் கோயில்தான் எனக்கு வழி காட்டியது. பல்லாண்டு பாடிய தலம் என்று அந்தக் கோயிலைச் சொல்வார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பூமாலை கட்டிக்கொண்டிருந்த விஷ்ணுசித்தர் பாண்டியன் சபைக்கு வந்து, பரம்பொருள் எது என்று நிறுவிப் பொற்கிழியை வென்றார். அவரை யானைமேல் ஏற்றி ஊர்வலமாக அழைத்துப் போகும்போது பெருமாள் கருடன்மேல் காட்சி கொடுத்தார். கேட்டது கொடுக்கிற சாமி நேரில் வந்து நிற்கிறார்; வேறு யாராக இருந்தாலும் ஒரு பட்டியலே வாசித்திருப்போம். இவருக்கோ, இந்த அழகுக்குக் கண் பட்டுவிடுமே என்று பயம். யானையின் மணியையே தாளமாக எடுத்துக்கொண்டு, நீ பல்லாண்டு நன்றாக இருக்கணும் என்று சாமியையே வாழ்த்தினார். அப்படித்தான் அவர் பெரியாழ்வார் ஆனார்.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். போன மார்கழியில் அந்தச் சந்நிதியில் பாப்பாவோடு நிற்கும்போதுதான் உறைத்தது. பெற்றவர்களும் வளர்த்தவர்களும் பிள்ளையிடம் எதையும் கேட்பதில்லை, எங்கே இருந்தாலும் நன்றாக இரு என்பார்கள். ஆழ்வார் சாமியைப் பார்த்தது அந்தக் கண்ணால். அப்படி ஒரு பிரார்த்தனை இருக்கும்போது ‘இவள் என்னோடு’, ‘இவள் அவளோடு’ என்று நான் ஏன் பெருமாளுக்கு இடம் குறித்துக் கொடுக்க வேண்டும்? அன்றைக்கு “நல்லா இருக்கட்டும்” என்று மட்டும் சொன்னேன். பாப்பாவுக்கு, அவள் அம்மாவுக்கு, சேர்த்தே. சொல்லிவிட்டு வரும்போது, ஆழ்வாரின் ஊருக்கு இவளை ஒரு தடவை கூட்டிப் போகவேண்டும் என்று தோன்றியது.

பாதுகாப்பு அலகில் சொல்லிவிட்டு ஒரு சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினோம். மதுரையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் என்று பஸ் போகப் போக மேற்கே மலை கிட்டத்தில் வரும். ஊர் வருவதற்கு முன்பே கோபுரம் தெரிந்துவிடும். பதினொரு நிலை, 192 அடி. “இதான் நம்ம பாடப் புத்தகத்தில போட்டிருக்கிற கோபுரம்” என்று பாப்பாவிடம் காட்டினேன். தமிழக அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று ஊரெல்லாம் சொல்லும். என் வீட்டுக்காரர் விடுவாரா? “அது மீனாட்சி கோயில் மேலக் கோபுரம், உங்க பெரியம்மா பேச்சைக் கேட்காத” என்றார். மதுரைக்காரர்களோடு இந்த வழக்கு தீராது.

கோபுரம் வடபத்ரசாயி கோயிலுடையது. பொற்கிழிப் பணத்தில் ஆழ்வார் கட்டியது என்பது ஐதிகம். கீழே நரசிம்மரைச் சேவித்துவிட்டுப் படியேறினால் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். ஆலிலையில் படுத்த குழந்தைதான் இப்படிப் பெரியவராகப் படுத்திருக்கிறார் என்று சொன்னதும் பாப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பியதாகத் தெரியவில்லை.

அங்கிருந்து ஆண்டாள் கோயிலுக்குப் போகும் வழியில் நந்தவனம். ஆடிப் பூரத்தன்று துளசிச் செடியடியில் ஆழ்வார் குழந்தையைக் கண்டெடுத்த இடம். ஆடிப் பூரத்துக்குத் தேரோட்டமும் கூட்டமுமாக ஊரே அமர்க்களப்படும். நாங்கள் போன அன்று அவசரமில்லாமல் நிற்க முடிந்தது. நான் கதையைச் சொன்னேன். பூப்பறிக்க வந்தவர் குழந்தையைப் பார்த்தார், கோதை என்று பெயர் வைத்தார், வளர்த்தார்.

“அப்ப ஆண்டாளோட அம்மா யாரு பெரியம்மா?”

“ஆண்டாளே பூமாதேவிதான்னு சொல்வாங்க.”

“சரி. ஆனா துளசிச் செடிக்கிட்ட யாரு கொண்டுவந்து வெச்சா? அவங்க தேடி வரலையா?”

புராணத்தில் இதற்கு நல்ல பதில் இருக்கிறது, அவதாரத்துக்குத் தாய் வயிறு வேண்டாம் என்று. ஆனால் கேட்பவள் அவதாரத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அலகு அலுவலகத்தில் அம்மாவைப் பார்க்கும் நாள் தள்ளிப் போனால் இரண்டு வேளைக்குச் சாப்பாடு இறங்காத பிள்ளை. நான் முழித்தேன். வீட்டுக்காரர்தான் குனிந்து, “ஆண்டாள் கதையில எனக்குத் தெரியலடா. உங்க அம்மா மாத்திரையெல்லாம் ஒழுங்காச் சாப்பிடுறாங்களே, எதுக்கு? உன்னத் தேடி வரத்தான்” என்றார். பாப்பா தலையை ஆட்டிவிட்டு, ஒரு துளசி இலையைப் பறிக்கலாமா என்று கேட்டாள். கூடாது என்றேன்.

ஆண்டாள் சந்நிதியில் ரங்கமன்னார் நடுவில், ஒரு பக்கம் ஆண்டாள், மறுபக்கம் கருடன். மூவரும் ஒரே பீடத்தில் நிற்பது இங்கே விசேஷம். ஆண்டாள் கையில் கிளி. தினம் தினம் புதிதாக மரவள்ளி இலையில் உடம்பும் மாதுளம்பூவில் அலகுமாகச் செய்து சாத்துகிறார்கள். அது நிஜக் கிளியா என்பதில் பாப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தேகம். ஆண்டாள் சூடிக் களைந்த மாலை புரட்டாசியில் திருப்பதிக்குப் போகிறது, கருட சேவைக்கு. சித்திரையில் எங்கள் அழகர் வைகையில் இறங்கும்போது சூடிக்கொள்வதும் இங்கிருந்து வரும் மாலைதான். ஆழ்வார் முதலில் அந்த மாலையில் முடியைப் பார்த்துப் பதறி, வேறு மாலை கட்டிக்கொண்டு போனவர். பிள்ளை போட்டுப் பார்த்த மாலையே வேண்டும் என்று பெருமாள் சொன்ன பிறகு அவருக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்! கொஞ்சம் திகிலாகவும் இருந்திருக்கும். இந்தப் பிள்ளை இந்த வீட்டில் தங்கப் போவதில்லை என்று அன்றைக்கே தெரிந்திருக்குமே.

ஆண்டாளைத் திருவரங்கத்துக்குப் பல்லக்கில் கூட்டிப் போனார்கள், அவள் அரங்கனோடு கலந்துவிட்டாள். ஆழ்வார் தனியாகத் திரும்பிவந்தார். பிரகாரத்தில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு ஒரு தாயின் குரலில் அவர் பாடிய பாசுரம்தான் ஓடிக்கொண்டிருந்தது: “ஒரு மகள் தன்னை உடையேன், உலகம் நிறைந்த புகழால் திருமகள் போல வளர்த்தேன், செங்கண்மால் தான் கொண்டு போனான்.” இந்த வரியை எல்லோரும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்கு அதற்கடுத்த வரிகள்தான் முக்கியம். மகள் போன வீட்டில் மாமியார் யசோதை மருமகளைப் பார்த்துச் சந்தோஷப்படுவாளா, அவளுக்குச் செய்யவேண்டிய சீரெல்லாம் செய்வாளா என்று அந்தத் தாய் கேட்கிறாள். கொண்டு போனவன் பரமாத்மா. ஆனாலும் அங்கே பிள்ளையைச் சரியாகக் கவனிப்பார்களா என்ற கவலை விடவில்லை! நம்பிக்கைக் குறைவு என்று யாராவது சொல்வார்களா? எனக்கு அது பக்தியின் உச்சம் என்று படுகிறது. எடுத்துக்கொண்டு போகிறவர் பெருமாளே ஆனாலும், இவளுக்குத் தயிர் சேராது, ராத்திரி விளக்கை அணைக்காதே என்று சொல்லித்தான் அனுப்பவேண்டும்.

கண்ணாடிக் கிணற்றைக் காட்டிவிட்டு வெளியே வந்தோம். மாலையைச் சூடிக்கொண்டு ஆண்டாள் தன்னைப் பார்த்துக்கொண்ட கிணறு என்பார்கள். பாப்பா எட்டிப் பார்த்து ரிப்பனைச் சரிசெய்துகொண்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டுப் பால்கோவா வாங்காமல் போனால் பாவம் சேரும். கால் கிலோ போதும் என்றார் வீட்டுக்காரர். “அம்மாவுக்கு ஒரு பொட்டலம் தனியா” என்றாள் பாப்பா. அம்மாவைப் பார்ப்பது அடுத்த வாரம், அதுவரை தாங்குமா என்று கடைக்காரரிடம் கேட்டேன். பிரிட்ஜில் வைத்தால் இருக்கும் என்றார். வீட்டுக்கு வந்ததும் டப்பாவின் மேல் ‘அம்மா’ என்று எழுதி ஒட்டினாள். வீட்டுக்காரருக்கு ராத்திரி நேரத்தில் பிரிட்ஜைத் திறக்கும் பழக்கம் உண்டு. அந்த வாரம் அவர் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம்.

நான் ஒரு நோட்டு போட்டேன். பாப்பாவுக்கு எது பிடிக்கும், எது சேராது, தடுப்பூசி அட்டை, எந்தப் பாடத்தில் உதவி வேண்டும், தலைக்கு எந்த எண்ணெய், தூங்கும்போது என்ன செய்யணும், எல்லாம். உத்தரவு எப்போது வரும் என்று தெரியாது. ஆனால் பெற்றவளின் பரிசோதனை முடிவுகள் நன்றாக வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். இப்போதெல்லாம் நோட்டில் எழுதுவதும் சாயங்காலம் நெற்றியில் இடுவதும் எனக்கு ஒரே காரியமாகிவிட்டது.

சந்திப்பு நாளில் அந்தப் பெண் பால்கோவாவைப் பிரித்து முதல் வாயைப் பாப்பாவுக்கு ஊட்டினாள். முகம் தெளிந்து, கொஞ்சம் சதை வைத்திருந்தாள். பாப்பா சுவரில் இருந்த படங்களைப் பார்க்கப் போன நேரத்தில் நோட்டைக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாக, விரலை வைத்துப் படித்தாள். ‘கரண்ட் போனால் பயப்படுவாள், முதுகைத் தடவிக் கொடுக்கவும்’ என்று எழுதியிருந்த இடத்தில் நிறுத்தினாள்.

“அக்கா, இது அப்படியில்ல. முதுகத் தடவுனா இன்னும் அழுவா. எங்க வீட்டில கரண்ட் போனா நான் கொடியில துணி எடுத்துக்கிட்டு இருப்பேன், இருட்டுல என் சத்தம் கேட்டாப் போதும் அவளுக்கு. நீங்க எந்திரிச்சு ஏதாச்சும் வேல செய்ங்க, பாத்திரத்த உருட்டுங்க. சொல்லிக்கிட்டே செய்ங்க, அவ்வளவுதான்.”

பேனா இருக்கா என்று கேட்டாள். கொடுத்தேன். என் வரியை அடித்துவிட்டு அதற்கு மேலே எழுத ஆரம்பித்தாள்.