மூன்றாம் ஈத்தில் தேறிய 41 குஞ்சுகள்

பாலாற்றில் தண்ணீர் ஓடினால் பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கிற ஊர் எங்களுடையது. இந்த வேலூரில் உட்கார்ந்துகொண்டு கோமாளி மீன் என்கிற கடல் மீனின் குஞ்சு வளர்க்கப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். என் கடல் என்பது ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் மெரைன் உப்பைக் கரைத்தது. எங்கள் சத்துவாச்சாரி வீட்டு போர் தண்ணீர் பக்கெட்டிலேயே வெள்ளை வெள்ளையாகப் படியும், அதனால் அந்தப் பக்கமே போகவில்லை.

ஜோடியைச் சென்னை கொளத்தூரிலிருந்து சின்னதாக வாங்கி வந்தேன். கோமாளி மீனில் ஆண் பெண் பார்த்து வாங்க வேண்டியதில்லை. இரண்டு குட்டிகளைச் சேர்த்து விட்டால் பெரியது பெண்ணாகிவிடும், சின்னது ஆணாக நின்றுவிடும். ஒன்றரை வருடம் காத்திருந்த பிறகு, கவிழ்த்து வைத்த மண்சட்டியின் மேல் ஆரஞ்சு நிறத்தில் முட்டை. ஆண்தான் ராப்பகலாகத் துடுப்பால் விசிறிக்கொண்டு காவல் நின்றது.

முதல் ஈத்தில் நடந்தது முழுக்க என் அறியாமை. ஆர்ட்டீமியா என்கிற பொடி உப்புநீர் இறாலைப் பொரித்துப் போட்டால் போதும் என்று நினைத்தேன். பொரித்த குஞ்சே 3, 4 மில்லிமீட்டர்தான். அதன் வாய்க்கு அரை மில்லிமீட்டர் ஆர்ட்டீமியா, பச்சைக்குழந்தைக்கு முழு இட்லி ஊட்டுகிற மாதிரி. சாப்பாடு சுற்றி நீந்த, குஞ்சுகள் பட்டினி கிடந்து மூன்றாம் நாள் காலையில் அடியில் வெள்ளையாகக் கிடந்தன. அவற்றுக்கு முதல் உணவு ரோட்டிஃபர், கண்ணுக்குத் தூசி மாதிரித் தெரிகிற நுண்ணுயிர்.

மரக்காணம் பக்கம் இறால் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை பார்க்கும் நண்பன் ஒரு பாட்டில் ரோட்டிஃபர் கொடுத்தான். பாட்டிலைப் பாதி காலியாக விட்டு, பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டு வந்தேன். 20 லிட்டர் வாட்டர் கேனில் நன்றாகப் பெருகின. இரண்டாம் ஈத்து பொரித்த இரண்டாம் நாள் கேன் முழுக்கச் செத்து நாறியது. ஏர் பம்ப் பக்கத்தில் கொசுவர்த்திச் சுருள் எரிந்துகொண்டிருந்தது. பம்ப் அந்தப் புகையைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விட்டிருக்கும் என்பது என் சந்தேகம். குஞ்சுகளும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தன. மூன்றாவது தடவை வேறு வேறு அறையில் இரண்டு கேன் வைத்தேன். அந்த அறைகளில் சுருளுக்குப் பதில் கொசுவலை.

முட்டைக்குள் கண்கள் வெள்ளிபோல மின்ன ஆரம்பித்தால் நாள் நெருங்கிவிட்டது. எங்கள் தொட்டியில் எட்டாம் நாள். ராத்திரி ஏழு மணிக்கு அறையை முழு இருட்டாக்கி, ஒன்றரை மணி நேரம் கழித்து ஓர் ஓரத்தில் மட்டும் டார்ச் அடித்தேன். குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடி அங்கே கூடின. வலை போட்டால் நசுங்கிவிடும், எனவே டம்ளரால் தண்ணீரோடு மொண்டு 20 லிட்டர் கண்ணாடித் தொட்டிக்கு மாற்றினேன். அதில் இருந்ததும் தாய்த் தொட்டித் தண்ணீர்தான். 200 இருக்கும்.

"இன்னாடா, கூர்க்கா மாதிரி டார்ச்ச வெச்சிக்கினு ராத்திரியில சுத்திக்கினு இருக்க?" என்று அம்மா கேட்டாள். அம்மாவுக்கு ஈத்து என்றால் மாடுதான்.

அந்தச் சின்னத் தொட்டியின் நாலு பக்கமும் கறுப்பு சார்ட் ஒட்டியிருந்தேன். பக்கவாட்டில் வெளிச்சம் வந்தால் கண்ணாடியில் முட்டி முட்டியே சாகும். மேலிருந்து மட்டும் மங்கலான விளக்கு. இருட்டாகவும் விடக்கூடாது, இரையைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்கும். காற்றைப் பொடிக் குமிழிகளாக்கும் ஏர் ஸ்டோனைக் கழற்றிவிட்டு, வெறும் டியூபில் குமிழி ஒவ்வொன்றாக வரும்படி வைத்தேன். நானோகுளோராப்சிஸ் பாசி ஊற்றி, தண்ணீரை வெளிர்பச்சையாக்கினேன். அந்தப் பாசி ரோட்டிஃபருக்குச் சோறு. கூசும் வெளிச்சத்தையும் அது கொஞ்சம் மட்டுப்படுத்தும்.

காலை, மதியம், ராத்திரி சிரிஞ்சில் ஒரு மில்லி தண்ணீர் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ரோட்டிஃபரை எண்ணுவேன். பத்துக்குக் குறைந்தால் கேனிலிருந்து சேர்ப்பேன். முதல் நாள் மாலையில் ஒரு குஞ்சு உடம்பை 'எஸ்' மாதிரி வளைத்து, சட்டென்று நிமிர்ந்து ஒன்றைக் கவ்வியது. பார்த்துக்கொண்டே நின்றதில் அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

நாலாம் நாள் அம்மோனியா டெஸ்ட் கிட் பச்சைக்குத் திரும்பியது, அதாவது தண்ணீரில் கழிவு விஷம் ஏறிவிட்டது. அன்றைக்கு மட்டும் முப்பதுக்கு மேல் போயின. உணவு அதிகம், தண்ணீர் கொஞ்சம், ஃபில்டர் கிடையாது. ஏறாமல் என்ன செய்யும்? ஏர் டியூப் முனையில் மெல்லிய துணி கட்டி, அடியிலிருந்து இரண்டு லிட்டர் உறிஞ்சினேன். அதே உப்பு, அதே சூட்டில் புதுத் தண்ணீரைச் சொட்டு சொட்டாக விட்டேன். அப்புறம் தினம் இரண்டு வேளை இதே வேலை. மார்ச் மாதமே மதியத்தில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டியது. ஃபேன் வைத்தால் சூடு இறங்கும், ஆனால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும். குறைந்த அளவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் இல்லை. அக்னி நட்சத்திரத்தில் இதைச் செய்ய எனக்குத் தைரியம் இல்லை.

ஏழாம் நாள் முதல் அன்றன்றைக்குப் பொரித்த ஆர்ட்டீமியாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினேன். அதன் முட்டை ஓடு வயிற்றில் அடைத்துவிடும் என்பதால் வடிகட்டித்தான் போட்டேன். தின்றவற்றின் வயிறு ஆரஞ்சாகத் தெரியும். பத்தாம் நாள் தலைக்குப் பின்னால் மங்கலான வெள்ளைப் பட்டை, அடியை நோக்கி இறங்கி நீந்துகிற பழக்கம். அந்த மாற்றத்தின்போதும் இருபது முப்பது செத்தன. பதினைந்தாம் நாள் எண்ணியபோது 41.

அதற்குள் தாய் மறுபடியும் முட்டையிட்டுவிட்டது. வைக்க வேறு தொட்டி இல்லை, ஒரு கேனில் ரோட்டிஃபரும் மெலிந்து கிடந்தது. அவை பொரிக்க வேண்டிய ராத்திரி டார்ச் எடுக்காமல் படுத்துவிட்டேன். காலையில் சட்டி காலி. ஆண் மட்டும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தது.