கர்னி டிரைவ் கடல்நீரும் களிமண் கலவையும்

களிமண் உப்பை எடுக்காது. கடல்நீரைத் தெளியவைக்க, பூனை கழிவதற்கு வைக்கும் களிமண் மணலை நான் பொடிப்பதைப் பார்த்து, "கடல்நீர் குடிநீராகிவிடுமா, அண்ணே?" என்று கேட்ட பக்கத்து வீட்டுத் தம்பியிடமும் இதைத்தான் முதலில் சொன்னேன். உப்பைப் பிரிப்பது, நீரை விட்டு உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வின் வேலை. ஆலைகளில் 55 முதல் 70 பார் வரை (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தம் கொடுத்துக் கடல்நீரை அதன் வழியே தள்ளுகிறார்கள். வண்டலும் பாசியும் மட்கிய கழிவும் சேர்ந்து அந்தச் சவ்வை அடைத்துவிடாமல் முன்பே வாரிக்கொள்வதற்குத்தான் களிமண்.

பினாங்கில் இதற்கு கர்னி டிரைவ் கடற்கரைச் சாலை ஓரத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. சேற்றுக் கரை, மழைக்குப் பின் எடுத்தால் பாட்டிலின் மறுபக்கம் தெரியாது.

நான் எடுத்த வாசனை சேர்க்காத பூனை மணலில் பெரும்பகுதி பென்டோனைட், அதாவது நுண்ணிய தகடுகள் அடுக்கடுக்காக இருந்து தண்ணீரில் ஊறி விரியும் களிமண். அதை நல்ல தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைக்கிறேன். இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. நேராகக் கடல்நீரில் கொட்டினால், அங்குள்ள உப்பு களிமண் தகடுகளை விரியவிடாமல் ஒட்டவைத்துவிடும். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசன் வெறும் தண்ணீரில் கரையாது. வினிகர் கலந்த நீரில் கரையும். அந்தக் கரைசலைக் களிமண் குழம்பில் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினேன். களிமண் தகடுகளுக்கு எதிர்மின்னூட்டம், கைட்டோசனுக்கு நேர்மின்னூட்டம். இரண்டும் உடனே பற்றிக்கொள்கின்றன.

ஒரு லிட்டர் கடல்நீருக்கு 300 மில்லிகிராம் களிமண், 10 மில்லிகிராம் கைட்டோசன். வேகமாகக் கலக்கிவிட்டு, பிறகு மெதுவாகச் சுழற்றினேன். முதலில் மாவு போன்ற மங்கல். பிறகு கடுகளவு திரள்கள். சுழற்றுவதை நிறுத்தியதும் அவை நேராக அடியில் போய் உட்கார்ந்தன. அருகில் படிகாரம் போட்ட ஜாடியில் பஞ்சுபஞ்சாகத் திரண்டது வெகுநேரம் மிதந்தது. ஊரில் தேற்றாங்கொட்டை உரைத்துத் தெளியவைப்பார்களே, அந்த வேலையை இங்கே இறால் ஓடு செய்கிறது. களிமண் அதற்கு எடை கொடுக்கிறது.

நீரில் துகள் மிச்சம் இருந்தால் ஒளி அதில் பட்டுக் கோடாகத் தெரியும் என்பதால், இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். கலவை போட்ட நீரில் ஒளிக்கோடு மெலிந்து தெரிந்தது, முழுதாக மறையவில்லை. மீன் தொட்டிக்காரர்கள் வைத்திருக்கும் உப்புமானி முன்னும் பின்னும் ஒரே அளவைத்தான் காட்டியது.

கண்ணுக்குத் தெளிவாக இருந்தால் மட்டும் சவ்வுக்குப் போதாது. 0.45 மைக்ரான் வடிதாளில் 2 பார் அழுத்தத்தில் நீரைச் செலுத்தி, 15 நிமிடத்தில் ஓட்டம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து வண்டல் குறியீட்டைக் கணக்கிடுவார்கள். அது 5-க்குக் கீழே இருக்க வேண்டும். சைக்கிள் பம்பையும் அழுத்தமானியையும் இணைத்து அதற்கான கருவியைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். படிகார நீரையும் அதிலேயே ஓட்டி ஒப்பிடப்போகிறேன்.