காற்று நிற்கும் நேரத்துக் கணக்கு

காத்தடி காலத்தில் ஹைட்ரஜன் எடுப்பது பெரிய வித்தை இல்லை. வைகாசி தொட்டுப் புரட்டாசி வரை ராதாபுரம், பணகுடிப் பக்கத்துக் காற்றாலைக் காத்தாடிகள் கரண்டைத் தாராளமாகக் கொடுக்கும். சோதனை ஐப்பசியில் ஆரம்பிக்கிறது.

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 முதல் 55 யூனிட் கரண்டும், உப்பு நீக்கிய தண்ணீர் பத்து லிட்டர் போலவும் ஆகும். காற்று குறைந்து, கரண்டால் தண்ணீரை ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிக்கும் எலெக்ட்ரோலைசரின் லோடு கால்வாசிக்குக் கீழே போனால் ஆக்சிஜன் வரத்து சுருங்கும். இரண்டு வாயுவையும் பிரித்து வைக்கும் சவ்வைத் தாண்டிக் கசியும் ஹைட்ரஜன் மட்டும் அவ்வளவாகச் சுருங்காது. ஆக்சிஜன் பக்கம் அது 4 சதவீதத்தைத் தொட்டால் தீப்பற்றும் கலவை. அதனால் 2 சதவீதத்திலேயே டிரிப் ஆகும்படி, அதாவது தானாக நின்றுவிடும்படி வைப்பார்கள். டிரிப் ஆனால் நைட்ரஜன் விட்டு அலச வேண்டும், ஆறிப்போன பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை மறுபடி 80 டிகிரி பக்கம் ஏற்ற வேண்டும். எதிர் மின்னோட்டத்தில் நிக்கல் மின்வாயும் தேயும். இந்தத் தொல்லைக்குப் பயந்து ஷிப்டில் இருப்பவர் கிரிட் கரண்டை, அதாவது பொது மின்தொடர் கரண்டை இழுத்து ஓட்டிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் நம் கிரிட்டில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. 55 யூனிட்டில் 5 சதவீதம் அப்படி வந்தாலே 1.9 கிலோ ஆச்சு. பச்சை ஹைட்ரஜன் என்று சொல்லிக்கொள்ள, 2023 ஆகஸ்டில் மத்திய அரசு வைத்த வரம்பு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோ! அது 12 மாதச் சராசரி என்பதால் காத்தடி காலம் கைகொடுக்கும். ஐரோப்பாவின் 3.38 கிலோ தாராளமாகத் தெரியும். நம் கணக்கு ஆலை வாசலோடு முடிகிறது, அவர்களோ ஹைட்ரஜன் தூத்துக்குடியில் மைனஸ் 33 டிகிரி அம்மோனியாவாக மாறிக் கப்பலேறிய பிறகு வரும் புகையையும் சேர்ப்பார்கள். ஜப்பான் 3.4, அதுவும் உற்பத்தி வரைக்கும்தான். உலகத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. 2023-இல் கொண்டுவந்த 19870 என்ற ஆவணம் இந்தப் புகையை எப்படி அளப்பது என்று சொல்லும். எவ்வளவு இருக்கலாம் என்பதை அந்தந்த நாடுதான் முடிவுசெய்கிறது.

ஆடியில் கிரிட்டில் போட்டு மாசியில் எடுக்கும் பேங்கிங் நம் ஊர்க் காத்தாடிக்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஐரோப்பாவின் 2023 விதியில் அது செல்லாது: காத்தாடி கொடுத்த கரண்டும் எலெக்ட்ரோலைசர் இழுத்த கரண்டும் 2029 முடிய அதே மாதத்துக்குள், 2030 முதல் அதே மணிக்குள் ஒத்துப்போக வேண்டும். ஆகவே காத்தாடி மீட்டரையும் எலெக்ட்ரோலைசர் மீட்டரையும் முதல் நாளிலிருந்தே ஒரே கடிகாரத்தில் ஓடவிட வேண்டும். ஒன்று ஏழு நிமிடம் பிந்தினாலும் 15 நிமிடப் பதிவுகள் கட்டம் மாறி விழும். வருஷக் கடைசியில் உட்கார்ந்து அதைச் சரிக்கட்ட வழியில்லை.