செர்ரி இறால் தொட்டி: ஏழாவது மாதம்

இன்று காலை டார்ச் அடித்துப் பார்த்தபோது ஜாவா மாஸ் என்ற நீர்ச்செடிக்குள் குட்டிகள் தெரிந்தன. எண்ண முடிந்தவரை 11. ஒவ்வொன்றும் அரிசி மணியில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், ஆனால் மீசை, கால் எல்லாம் முழுசாக இருந்தது. அழகுக்காக வளர்க்கும் சின்ன நன்னீர் இறாலான செர்ரி இறாலில் லார்வா பருவம் கிடையாது. பொரிக்கும்போதே குட்டி இறாலாகத்தான் வெளியே வரும். ரொம்ப நேரம் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

இதுவரை வந்த கதையை எழுதி வைக்கிறேன்.

ஜனவரியில் 40 லிட்டர் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், கொஞ்சம் ஜாவா மாஸ். இறாலுக்கு விஷமான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வர ஐந்து வாரம் ஆனது. அதுவரை பொறுமையாக இருந்துவிட்டு, சென்னையில் வண்ண மீன் கடைகள் இருக்கும் கொளத்தூர் போய் 15 இறால் வாங்கி வந்தேன்.

இறால் விட்ட மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாதித் தண்ணீரை ஒரே மூச்சில் மாற்றினேன். எங்கள் போர்வெல் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்புகளின் அளவு, 900. ஆரம்பத்தில் ஆர்.ஓ. தண்ணீரோடு கலந்து 220-இல் வைத்திருந்தவன், அன்றைக்கு அளக்காமல் ஊற்றிவிட்டேன். இரண்டு நாளில் ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பித்தன. செத்தவற்றின் தலை ஓடும் உடலும் சேரும் இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம். ஓட்டை உரிக்கத் தொடங்கி, வெளியே வர முடியாமல் செத்திருக்கின்றன. தண்ணீரின் உப்பு அளவு திடீரென்று மாறினால், உள்ளே புது ஓடு தயாராகும் முன்பே தோலுரிக்கத் தொடங்கிவிடுகின்றன. 15-இல் மிஞ்சியது 2.

இப்போது வாரத்துக்கு 4 லிட்டர்தான். வாளியிலேயே கலந்து, மீட்டர் வைத்து 220 வரும்வரை சரிபார்த்து, ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறேன். புதிய இறால் விடும்போதும் இதே முறைதான், இரண்டு மணி நேரம்.

ஏப்ரலில் இன்னும் 12 வாங்கினேன். அப்புறம் நடந்தது நான் யோசித்தே பார்க்காத விஷயம். கொசுத் தொல்லை தாங்காமல் ஓர் இரவு அந்த அறையில் கொசு லிக்விட் மெஷினைப் போட்டோம். காலையில் 4 செத்துக் கிடந்தன, மற்றவை பக்கவாட்டில் விழுந்து கால்களை உதறிக்கொண்டிருந்தன. ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. கொசுவும் இறாலும் கணுக்காலிகள். அந்த லிக்விடில் இருக்கும் பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி இரண்டின் நரம்பையும் தாக்கும். உடனே பம்பை பால்கனிக்கு மாற்றி, நச்சை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினேன். மற்றவை பிழைத்தன. இப்போது ஜன்னலுக்கு வலை அடித்தாயிற்று. இறால் வளர்க்கும் வீட்டில் இதை முதலில் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். செம்பு கலந்த மீன் மருந்தும் அப்படித்தான், இறால் தொட்டிப் பக்கமே வரக்கூடாது.

மே மாதம் தண்ணீர் 32 டிகிரிக்குப் போனது. நீர்மட்டத்தின் மேல் ஒரு சின்ன ஃபேன் வைத்ததில் 29-க்கு இறங்கியது. ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும், ஏனென்றால் உப்பு ஆவியாகாமல் தொட்டியிலேயே தங்கிவிடும்.

தீனிக்குப் பெரிய செலவில்லை. தெருவில் உதிர்ந்து காய்ந்த வாதுமை இலையைக் கழுவிப் போட்டுவிடுவேன், அது ஊற ஊற மேலே படியும் வழவழப்பை நாள் முழுக்க மேய்கின்றன. வாரம் இரண்டு முறை வேகவைத்த பசலை, ஒரு நகத்தளவு. மீதியை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

ஜூனில் ஒரு பெண் இறாலின் வயிற்றடியில் மஞ்சள் முட்டைகள். அடியிலுள்ள சின்னக் கால்களால் விடாமல் விசிறிக்கொண்டே இருந்தது. நாலு வாரம் தினமும் பார்த்தேன்.

கிரிஸ்டல் ரெட் என்ற இன்னொரு இறால் வகையை வளர்க்க ஆசை இருக்கிறது. அதற்கு 24 டிகிரி வாக்கில் தண்ணீர் வேண்டும், சென்னையில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் முடியாது. அது பிறகு. இந்தத் தொட்டியிலேயே இன்னும் இரண்டு பெண்கள் முட்டையோடு இருக்கின்றன.